அந்தமான் பயணம்: வாசகர் கேள்வி – பதில்

ஜனவரியில் அம்மா, இரண்டு பிள்ளைகளோடு ஐந்து இரவுகள் அந்தமான் போகிறோம். முதலில் போர்ட் பிளேர், பிறகு ஹேவ்லாக், நீல் தீவுகள். நீலிலிருந்து திரும்பும் அன்றே மதியம் சென்னைக்கு விமானம். திட்டம் சரிதானா?
– திருச்சி வாசகி

வரிசையை மாற்றுங்கள்: முதலில் தீவுகள், கடைசியில் போர்ட் பிளேர். அலை பெரிதாக இருந்தால் ஃபெர்ரியை ரத்து செய்துவிடுவார்கள். அப்படி ஒரு காலை நீலில் மாட்டிக்கொண்டால் விமானம் போயிற்று. கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வைத்துக்கொண்டால் ஒரு நாள் கையில் இருக்கும். ஸ்கூபா டைவிங் செய்ய நினைத்தால் இது இன்னும் முக்கியம். ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது ரத்தத்தில் நைட்ரஜன் கரைகிறது. அது வெளியேறும் முன் விமானம் ஏறினால், உள்ளே காற்றழுத்தம் குறைவு என்பதால் உடம்புக்குள் குமிழியாகும். டைவிங்குக்கும் விமானத்துக்கும் நடுவில் 24 மணி நேரம் விடுங்கள்.

காலை விமானத்தில் இறங்கினால் அன்று மதிய ஃபெர்ரியிலேயே ஹேவ்லாக் போய்விடலாம். விமானம் தாமதமாகலாம் என்பதால் நடுவே மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். ஹேவ்லாக்கில் இரண்டு இரவு, நீலில் ஒன்று, மீதி இரண்டு போர்ட் பிளேரில். செல்லுலார் சிறையை நிதானமாகப் பார்க்க அதுவே வசதி. தனியார் ஃபெர்ரி ஹேவ்லாக்குக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் எடுக்கும். அரசு ஃபெர்ரி சுமார் இரண்டரை மணி நேரம், கட்டணம் குறைவு. தனியார் ஃபெர்ரியில் பெரும்பாலும் மூடிய ஏசி அறைக்குள்தான் உட்கார வேண்டும். அம்மாவுக்குப் பேருந்திலேயே குமட்டும் என்றால் மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு அரை மணி முன்பே மாத்திரை கொடுங்கள். படகின் நடுப்பகுதியில் இருக்கை எடுங்கள். முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப்போடும்.

பெயர்களில் கவனம்: ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு, போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜய புரம். டிக்கெட்டில் இரண்டு விதமாகவும் வரும். எல்லோருக்கும் அசல் அடையாள அட்டை வேண்டும்.

இன்னொன்று, நம் மாலை அங்கே இல்லை. டிசம்பர், ஜனவரியில் 5 மணி தாண்டியதுமே சூரியன் மறைந்துவிடும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்கு 3 மணிக்கே போய்விடுங்கள், திரும்ப வரும் ஆட்டோவையும் அப்போதே பேசிவிடுங்கள்.

நீல் தீவில் இயற்கையாக அமைந்த கல் பாலம் பார்க்க எந்த நேரம் நல்லது?
– மதுரை வாசகர்

கடல் வற்றியிருக்கும் நேரம்; ‘லோ டைட்’ எப்போது என்று தங்கும் விடுதியில் கேட்டால் சொல்வார்கள். நாளுக்கு இரண்டு முறை வற்றும், தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் போன வாரம் போனவர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நன்றாக வற்றும். பாலத்துக்குப் போகும் வழியெல்லாம் பாசி படிந்த பாறையும் கூரான பழைய பவளமும்தான். இடையிடையே தேங்கிய குட்டைகளில் நண்டும் கடல் வெள்ளரியும் கிடக்கும். ரப்பர் செருப்பு வழுக்கும். பின்வார் வைத்த, பிடிப்புள்ள செருப்பு போடுங்கள். பரத்பூர் கடற்கரைக்கு இதற்கு நேர்மாறு. அடியில் கண்ணாடி வைத்த படகும், மூச்சுக்குழாய் வைத்து நீந்தும் ஸ்நார்கெலிங்கும் தண்ணீர் ஏறியிருக்கும்போதுதான். ஆகவே ஒரே நாளில் ஒன்று காலை, மற்றது மாலை என்று அமையும்.

நான்கு வயதுக் குழந்தையுடன் பாராடாங் குகைக்குப் போகலாமா?
– கோவை வாசகி

வேண்டாம். விடியும் முன் கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் காத்திருந்து, வாகன அணியோடு காட்டைக் கடந்து, பிறகு இரண்டு படகு, அதற்குப் பின் நடை. குழந்தை துவண்டுவிடும். அந்தச் சாலை ஜாராவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. பெரியவர்கள் போனாலும் வண்டியை நிறுத்தவோ, அவர்களைப் படம் எடுக்கவோ, தின்பண்டம் கொடுக்கவோ கூடாது. சிறைத் தண்டனைக்குரிய குற்றம் அது. வெளியாட்களின் நோய்களுக்கு அவர்கள் உடம்பில் எதிர்ப்பு குறைவு. ஒரு தட்டம்மையே பெரிய ஆபத்து. ‘ஜாராவா காட்டுகிறேன்’ என்று யாராவது சொன்னால் அந்த வண்டியில் ஏறவே ஏறாதீர்கள்.

கரையில் கிடக்கும் சங்கு, பவளத்தை எடுத்து வரலாமா?
– நாகர்கோவில் வாசகர்

கூடாது, செத்த பவளத் துண்டானாலும். விமான நிலைய சோதனையில் எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம். பிள்ளைகள் பையில் போட்டிருப்பார்கள், கிளம்பும் முன் உதறிப் பாருங்கள். அனுமதி பெற்ற கடையில் வாங்கிய சிப்பிப் பொருளுக்கு ரசீதை மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.