புகைக்கூடமும் பால்மரமும்: அருங்காட்சியகம் பற்றிய கேள்வி பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ரப்பர் தகடுகளைப் புகையில் உலர்த்திய பழைய புகைக்கூடமும் அதைச் சுற்றி ஆறு ஏக்கர் கித்தா (ரப்பர்) மரமும் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) இரையாகாமல் மிஞ்சியிருக்கின்றன. தோட்டத்து மக்களின் நினைவாக, ஆரவாரமில்லாமல் உட்கார்ந்து சிந்திக்கும் அருங்காட்சியகமாக அதை ஆக்க ஊர்க்காரர்கள் விரும்புகிறார்கள். நான் கட்டடக் கலைஞன். என் அம்மா இந்த ஊரில் பால் வெட்டியவர். வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: ஐயா, எதிலிருந்து தொடங்குவது? வரைபடமா, நிதியா?

இரண்டும் இல்லை, டீச்சர். முதலில் ஓராண்டு அந்தக் காட்டில் நடக்க வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் வறட்சி வரும்போது கித்தா மரம் இலை முழுவதையும் உதிர்த்துவிடும். மற்ற மாதங்களில் பச்சை இருட்டாகக் கிடக்கும் இடம் அந்தச் சில வாரங்கள் வெளிச்சமாகிவிடும். காலடியில் சருகு நொறுங்கும். பிறகு செம்பழுப்பாகத் தளிர் வரும். காய் வெடிக்கும் பருவத்தில் கொட்டைகள் தெறித்து விழும் சத்தம் கேட்கும். ஜன்னல் எந்தப் பக்கம், பெஞ்சு எந்த மரத்தடியில் என்பதையெல்லாம் இவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

இலங்கையில், பின்னாளில் கட்டடக் கலைஞரான ஜெஃப்ரி பாவா 1948-இல் லுணுகங்க என்ற பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கினார். பல பத்தாண்டுகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே இருந்தார். அவசரப்பட்டிருந்தால் அந்த இடம் அவருக்கு வசப்பட்டிருக்காது. ஜப்பானில் தெஷிமா தீவில் 2010-இல் திறந்த அருங்காட்சியகத்தில் நேரே வாசலுக்குப் போக முடியாது. மரங்கள் அடர்ந்த மேட்டைச் சுற்றி நடந்த பிறகுதான் உள்ளே நுழையலாம். தூணே இல்லாத கான்கிரீட் கூடு, மேலே இரண்டு திறப்புகள், தரையில் ஊறி ஓடும் நீர்த்துளிகள், அவ்வளவுதான். நடந்து வந்ததில் மனம் அடங்கியிருப்பதால் அதுவே போதுமானதாக இருக்கிறது. நமக்கு அந்தப் பாதையைப் புதிதாகப் போட வேண்டிய அவசியம்கூட இல்லை. பால் வெட்டுகிறவர்கள் நடந்த மர வரிசை, அதாவது நிரை, இருக்கிறது. நிரை பிடித்து நடந்தால் புகைக்கூடம் வந்துவிடும்.

கடை வைத்திருப்பவர்: சுற்றிலும் கண்ணாடிச் சுவர் வைத்து ஏர்கான் போட்டால் மரங்கள் நன்றாகத் தெரியுமே?

தெரியாது. வெளியே 32 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால், ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் பூத்துவிடும். ஏர்கான் அறையின் கண்ணாடி வெளிப்பக்கம் மங்கி, மரம் வெறும் பச்சைக் கறையாகத்தான் தெரியும். டென்மார்க்கின் லூசியானா அருங்காட்சியகத்தில் கண்ணாடி நடைவழிகள் அழகாக இருக்கின்றன என்றால், அது அந்த நாட்டுக் காற்று. நமக்கு அகலமான தாழ்வாரமும் மரச் சட்டமும் போதும்.

தாமான்வாசி (பக்கத்துக் குடியிருப்புக்காரர்): கார் நிறுத்த முன்பக்க மரங்களை மட்டும் எடுத்துவிடலாமா?

கூடாது. நெருக்கமாக வளர்ந்த கித்தா மரங்கள் ஒன்றுக்கொன்று காற்றுத் தடுப்பு. ஓரத்து வரிசையை எடுத்தால் அடுத்த புயல் மழையில் உள்வரிசை முறியும். சாலையோரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வரட்டும்.

இளைஞர்: மானியம் கிடைக்குமா? எவ்வளவு?

என் துறை இல்லை, தம்பி. கூட்டுறவுக் கணக்கு தெரிந்தவரைக் கேளுங்கள்.

அதே கடைக்காரர்: ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி?

மேலே சொன்ன பதில்தான்.

ஓய்வுபெற்ற தண்டல் (தோட்டத்து வேலை மேற்பார்வையாளர்): தம்பி, அமைதி அமைதி என்கிறீர்கள். எங்கள் ஆட்களை வாய் திறக்காமல்தானே வைத்திருந்தார்கள்? போர்க்காலத்தில் ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்கு இழுத்துப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை? அந்தப் பெயர்களைச் சொல்லாமல் பெஞ்சில் உட்கார வைத்தால் போதுமா?

ஐயா, இந்தக் கேள்விக்காக மற்றவற்றை ஒத்திப்போடுகிறேன். ஜெர்மனியில் ஹோம்ப்ரோய்க் என்ற அருங்காட்சியகத் தீவில் எந்தப் பொருளுக்கும் பெயர்ப் பலகை கிடையாது. அதுபோலவே இங்கும் செய்ய நினைத்திருந்தேன். ஆனால் அங்கே இருப்பவை கலைப்பொருள்கள். நம்மிடம் இருப்பது பால் பிடிக்கும் மங்கு, மரம் சீவும் உளி, பால் சுமக்கும் காண்டா வாளி. இன்றைய பிள்ளைக்கு மங்கு வெறும் கிண்ணமாகத்தான் தெரியும். நீங்கள் சொல்வது சரி, பெயர்கள் வேண்டும். தாய்லாந்தில் அந்த ரயில் பாதையின் ஹெல்ஃபயர் பாஸ் வெட்டில் 1998 முதல் ஒரு நினைவு மையம் இருக்கிறது. மேலே விவரம், கீழே பாறை வெட்டுக்குள் நடை. நாமும் முதலில் ஓர் அறையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பிறகு மௌனமாக நடக்க விடலாம்.

தண்டல்: தலைகீழாகச் செய்யுங்கள். நாங்கள் விவரம் தெரிந்தா காட்டுக்குள் போனோம்? இருட்டில், ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நின்று, நெற்றி விளக்கோடு நிரைக்குள் போனோம். முதலில் நடக்கட்டும், பிறகு கேட்கட்டும்.

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. விடியலில் மரப்பட்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கும், பால் நன்றாக இறங்கும். அதனால்தான் உங்களை இருட்டிலேயே அனுப்பினார்கள். அந்த நேரத்தில் நடந்துவிட்டு வருகிறவருக்கு அடுத்த அறையில் பெயர்களைப் படிக்கும்போது கால் வலியும் இருக்கும். திட்டத்தை மாற்றுகிறேன்.

தண்டலின் பேத்தி: தாத்தா சொல்வதில் ஒரு குறை. பெயர் என்றால் ஆண்கள் பெயர்தான் வரும். ஆயாக் கொட்டகையில் குழந்தையை விட்டுவிட்டு வெட்டப் போன பாட்டிகளை எங்கே எழுதுவீர்கள்?

அம்மா, அந்தச் சுவரில் முதலிலேயே எழுத வேண்டியவர்கள் அவர்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ள முடியுமா? தாத்தா இருக்கும்போதே தொடங்குங்கள். தொட்டில் சேலை யாரிடமாவது இருந்தால் அதையும் வாங்கி வையுங்கள்.

நூலக ஊழியர்: சேலை, புகைப்படம் எல்லாம் பூஞ்சை பிடிக்காதா?

பிடிக்கும். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் துணியும் காகிதமும் தாங்காது. முழுக் கட்டடத்தையும் உலர வைக்கும் செலவு வேண்டாம். இறுக மூடும் ஒரே ஒரு சிறிய அறை, அதில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம். அதற்கு ஜன்னலே வேண்டாம்.

இன்னொருவர்: தகரக் கூரையில் மழைச் சத்தம் அதிகம். பஞ்சு அடைத்துவிடலாமா?

புகைக்கூடத்துக்குள் மட்டும் தகரத்தின் கீழே இடைவெளி விட்டுப் பலகைக் கூரை போடுங்கள், வெப்பமும் குறையும். தாழ்வாரத்தில் வெறும் தகரம் இருக்கட்டும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்கள் அந்தச் சத்தத்தில்தான் தூங்கினோம்.

ஒருவர்: பெஞ்சுகளைக் கித்தா மரத்திலேயே செய்தால்?

உள்ளே வைப்பதற்கு மட்டும், அதுவும் வெட்டிய சில நாள்களுக்குள் மருந்து ஏற்றிய பலகையாக இருந்தால். இல்லாவிட்டால் வண்டு துளைக்கும், நீலம் பாரிக்கும். பலகையை வெளியே வாங்குங்கள். நிற்கும் மரத்தைத் தொடாதீர்கள்.

வேறொருவர்: முன்பக்கம் கண்ணாடி வைத்தால்...

கண்ணாடிக் கேள்விகளை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பழைய பிரட்டுத் திடலில் சந்திப்போம். அப்போது இன்னும் இருட்டாகத்தான் இருக்கும், விளக்கு கொண்டு வாருங்கள். தண்டல் ஐயா முன்னால் நடப்பார். கொசுவர்த்தியை நான் கொண்டு வருகிறேன்.