மரத்திலா, மரத்திடமா?

கேள்வி: 2024இல் வந்த படத்தில் கேம்பிட்டைப் பார்த்ததிலிருந்து பழைய எக்ஸ்-மென் காமிக்ஸ்களைத் தேடித் தேடிப் படிக்கிறேன். தொட்ட பொருளையெல்லாம் குண்டாக்கி எறிகிற ஆள், எதிரியின் கையைப் பிடித்து அவனையே வெடிக்க வைக்க முடியாதா? 'ஆர்கானிக்' பொருளில் அவர் சக்தி ஏறாது என்கிறான் நண்பன். சரியா? முழு சக்தியோடு வந்தால் அவரை யார் ஜெயிப்பார்? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் ஓரமாக வைத்துவிடுகிறேன். யார் யாரை ஜெயிப்பார் என்பதற்கு இந்தப் பக்கத்தில் நான் பதில் சொன்னதில்லை, இனியும் சொல்லப் போவதில்லை. கதாபாத்திரங்களைத் தராசில் ஏற்றி நிறுப்பது எனக்குப் பிடிக்காது. என்னைப் பிடித்து உட்கார வைத்தது உங்கள் நண்பர் சொன்ன 'ஆர்கானிக்'.

கேம்பிட் எறிவது எதை? சீட்டுக்கட்டின் சீட்டை. சீட்டு காகிதம், காகிதம் மரக்கூழ், மரக்கூழ் என்றால் செல்லுலோஸ். கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கோத்த சங்கிலி. வேதியியல்காரரிடம் கேட்டால் ஒரு வினாடி யோசிக்காமல் 'ஆர்கானிக்' என்பார். உங்கள் நண்பர் சொல்லும் விதி உண்மையானால் கேம்பிட் முதல் சீட்டையே எறிந்திருக்க முடியாது. அவர் சக்தி ஏறாதது உயிர் உள்ளவற்றில். ஆங்கிலத்தில் வேதியியலுக்கும் உடலுக்கும் காய்கறிக் கடைக்கும் அந்த ஒரே சொல்தான். நம்மிடம் கரிமம், உயிர், இயற்கை என்று மூன்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. மூன்றையும் வீட்டில் வைத்துவிட்டு ஒன்றை இரவல் வாங்கிக் குழம்புகிறோம். 'ஆர்கானிக் கத்தரிக்காய்' பலகைகளைப் பற்றி இதே பக்கத்தில் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அதில் ஒரு வரியைக்கூடத் திரும்பப் பெறுவதாக இல்லை.

சரி, உயிர் என்றே வைத்துக்கொள்வோம். அது எங்கே தொடங்குகிறது?

நம் பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். மேசையிலிருந்து சீட்டை எடுத்தேன் என்போம். நாயிலிருந்து எலும்பைப் பிடுங்கினேன் என்று ஒருவரும் சொல்ல மாட்டோம், நாயிடமிருந்துதான். உயிர் இருந்தால் 'இடம்', இல்லாவிட்டால் 'இல்'. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இதில் தவறுவதில்லை. இப்போது மாங்காய் பறியுங்கள். மரத்திலிருந்து! மரத்திடமிருந்து என்றால் கவிதை ஆகிவிடுகிறது. புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்று எண்ணி வைத்தது தொல்காப்பியம். நம் நாக்கோ மரத்தை மேசையோடு சேர்த்துவிட்டது. நிற்கிற ஆலமரத்தைத் தொட்டால் கேம்பிட்டின் விரல் எந்தப் பக்கம் சேரும்? நான் தொல்காப்பியத்தின் பக்கம். நிற்கும் மரத்தில் ஏறாது. அதையே வெட்டி, கூழாக்கி, ஸ்பேடு ஏஸ் அச்சடித்துக் கையில் கொடுத்தால் ஏறும்.

கிறிஸ் கிளேர்மாண்ட்டும் ஜிம் லீயும் 1990இல் உருவாக்கிய ஆள் இந்தக் கேம்பிட். சொந்தப் பெயர் ரெமி லெபோ. நியூ ஆர்லியன்ஸ் திருடர் கூட்டத்தில் வளர்ந்தவர். தொட்ட பொருளுக்குள் உறங்கும் ஆற்றலை இயக்க ஆற்றலாக மாற்றுவார். பொருள் இளஞ்சிவப்பாக மின்னும், மோதினால் வெடிக்கும். பொருள் பெரிதானால் நேரமும் கூடும், அதனால்தான் லேசான சீட்டு.

உயிரில் மட்டும் ஏன் ஏறாது? உயிருக்குள் ஆற்றல் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள், கணக்கு நேர்மாறாக இருக்கிறது. ஒரு கிராம் டிஎன்டி வெடிமருந்து வெடித்தால் ஏறத்தாழ 4.2 கிலோஜூல். ஒரு கிராம் சர்க்கரை எரிந்தால் சுமார் 16. நீங்கள் காலையில் குடித்த காபியின் சர்க்கரை அதே எடை வெடிமருந்தைவிட நாலு மடங்கு ஆற்றல் கொண்டது. ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் 2000 கலோரி, 2 கிலோ டிஎன்டிக்குச் சமம். அத்தனையையும் நம் செல்கள் சில்லறையாக மாற்றி, படிப்படியாக, நாள் முழுக்கச் செலவழிக்கின்றன. வெடிமருந்து ஒரே நொடியில் கொட்டித் தீர்ப்பதை உடம்பு ராத்திரி வரை நீட்டிக்கொண்டே போகிறது. அந்தக் கட்டுப்பாடு நின்றுபோவதைத்தான் சாவு என்கிறோம். அந்தக் காவல் இருக்கும்வரை வெளியிலிருந்து ஒருவன் விரல் வைத்துத் திறந்துவிட முடியாது. காமிக்ஸில் இப்படி விளக்கமாக எழுதியிருக்கிறது என்று சொல்லவில்லை, நான் படித்துக்கொண்ட விதம் இது.

பட்டாசுக்காய் தெரியுமா? ஊதாப்பூ பூத்து வேலியோரம் கிடக்கும் சின்னச் செடி. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதன் காய்ந்த காயைப் பறித்துச் சட்டைப்பையில் நிரப்பிக்கொள்வோம். பழுப்பாக, ஊசிபோல் இருக்கும். உள்ளங்கையில் வைத்து எச்சில் தொட்டுக் கையை மூடி, ஒன்று இரண்டு என்று எண்ண வேண்டும். ஐந்தோ பத்தோ எண்ணுவதற்குள் டப்பென்று உள்ளங்கையில் ஒரு சுண்டல். தோல் இரண்டாகப் பிளந்து கிடக்கும், தட்டை விதைகள் விரலிடுக்கில் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பச்சைக் காயை எத்தனை நேரம் எச்சிலில் ஊற வைத்தாலும் அசையாது. வெடித்தது செத்துக் காய்ந்த தோல். உள்ளே உயிரோடிருந்த விதைக்கு ஒரு கீறல் இல்லை. அடுத்த மழைக்கு முளைக்கும். கேம்பிட்டின் விதி அப்படியே அந்த ஒரு அங்குலக் காயில் இருக்கிறது.

உயிரோடு வெடிப்பவையும் உண்டு, மறைக்க மாட்டேன். காசித்தும்பைக் காய் பச்சையாகவே தொட்டதும் தெறிக்கும். பாம்பார்டியர் வண்டு இரண்டு ரசாயனங்களை ஒரு பையில் வைத்திருக்கிறது. அவற்றைப் பொங்க வைக்கும் நொதி பக்கத்து அறையில். எதிரி காலைப் பிடித்தால் கதவைத் திறந்து, கொதிக்கும் சூட்டில் பீய்ச்சிவிட்டு நடையைக் கட்டும். போர்னியோக் காடுகளில் ஓர் எறும்புக்கு 2018இல் வெடிப்பதை வைத்தே பெயர் சூட்டினார்கள். கூட்டைத் தாக்க வந்தவன் மேல் ஒட்டிக்கொண்டு தன் வயிற்றைத் தானே கிழித்து, மஞ்சள் பசையைக் கொட்டிச் சாகும். இவற்றிலெல்லாம் சாவி உள்ளே இருக்கிறது. வெளியிலிருந்து இன்னொருவன் திருகுவதில்லை.

இந்த எல்லையைப் பின்னால் வந்த எழுத்தாளர்கள் உடைத்தார்கள். எனக்கு அதில் தீராத வருத்தம். 1999இல் தொடங்கிய கேம்பிட்டின் தனித் தொடரில், சின்ன வயதில் சக்தி கட்டுக்கடங்காமல் போனதால் மிஸ்டர் சினிஸ்டர் என்ற வில்லன் விஞ்ஞானி ரெமியின் மூளையில் கொஞ்சம் வெட்டி எடுத்தார் என்று ஒரு பின்கதை வந்தது. பிறகு வெட்டியது திரும்ப வந்தது, உயிருள்ளவற்றிலும் சக்தி ஏறியது. அந்த எல்லை இல்லாத இன்னொரு உலகத்து ரெமியையும் காட்டினார்கள். அவன் தன் உலகத்தையே அழித்துவிட்டு நிற்கிறான். அதற்கு மேல் அவனை வைத்து என்ன கதை சொல்ல முடியும்? நீங்கள் கேட்ட 'முழு சக்தி' அதுதான்.

ஆனால் அந்தப் பின்கதையில் ஒன்றை மட்டும் நான் விடமாட்டேன். அறுவைக்குக் கூலியாக சினிஸ்டர் கேட்டது ஒரு வேலை: அடியாட்களைத் திரட்டி, நகரத்துக்கு அடியில் சுரங்கங்களில் ஒளிந்து வாழ்ந்த மோர்லாக்குகள் என்ற கூட்டத்தாரிடம் வழிகாட்டிக் கூட்டிப் போவது. எதற்கென்று தெரியாமல் ரெமி கூட்டிப் போனார். அங்கே நடந்தது படுகொலை. அவரால் காப்பாற்ற முடிந்தது ஒரே ஒரு சிறுமியை. உயிரைத் தொட்டால் வெடிக்காத அதே கை அத்தனை உயிருக்கு எமனைக் கூட்டி வந்தது. அந்தக் குற்றவுணர்ச்சிக்கு எனக்குக் கேம்பிட்டின் எல்லாச் சீட்டுகளையும்விட மதிப்பு அதிகம்.

2024இல் வந்த எக்ஸ்-மென் அனிமேஷன் தொடரையும் பாருங்கள், ஐந்தாவது பகுதி. ரெமியைப்போல் பிறவிச் சக்தி கொண்டவர்கள் வாழும் ஜெனோஷா தீவு எரிகிறது. ராட்சத இயந்திரத்தின் இரும்புக் கரம் ரெமியின் உடலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிட்டது. அவர் அதை உருவப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். இளஞ்சிவப்பு ஒளி விரலிலிருந்து கிளம்பி, கரம் வழியாக மேலே மேலே ஏறி இயந்திரம் முழுக்கப் பரவுகிறது. சுற்றிலும் ஜனங்கள் இருக்கிறார்கள். அவர் தொடுவது இரும்பை மட்டும்.

உங்கள் நண்பரை அந்தக் காட்சியை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் பட்டாசுக்காய் உங்கள் பக்கம் இன்னும் கிடைக்கிறதா என்று எழுதுங்கள். இங்கே வேலியோரமெல்லாம் சிமெண்டு போட்டுவிட்டார்கள்.