லைசென்ஸ், ரோல், லாகின்: வாசகர் கேள்விகள்

புது வாடிக்கையாளர் சேவை ஏஜென்டுக்கு லைசென்ஸ் கொடுத்தாயிற்று. மைக்ரோசாஃப்டின் டைனமிக்ஸ் 365 மென்பொருள் உள்ளே விடவில்லை. (குவாத்ர் போர்ன், மொரீஷியஸ்)

பிழைச் செய்தியையும் எழுதியிருக்கலாம். பெரும்பாலும் செக்யூரிட்டி ரோல் (எதைப் பார்க்கலாம், மாற்றலாம் என்ற அனுமதி) கொடுத்திருக்க மாட்டீர்கள். லைசென்ஸ் வேறு, அனுமதி வேறு. பவர் பிளாட்ஃபார்ம் அட்மின் சென்டரில் உங்கள் என்விரான்மென்டை (உங்கள் நிறுவனத்தின் தரவும் செயலிகளும் இருக்கும் இடம்) திறந்து, அவருக்கு ‘கஸ்டமர் சர்வீஸ் ரெப்ரசென்டேட்டிவ்’ ரோலைச் சேர்த்துவிடுங்கள். அவசரத்தில் அட்மின் ரோலைக் கொடுத்துவிடாதீர்கள்.

வேலையை விட்டுப் போனவரை சேல்ஸ்ஃபோர்ஸ் மென்பொருளில் ஃப்ரீஸ் செய்தோம். லைசென்ஸ் திரும்பவில்லையே? (ரோஸ் ஹில்)

ஃப்ரீஸ் லாகினை மட்டும்தான் தடுக்கும். டிஆக்டிவேட் செய்தால்தான் லைசென்ஸ் விடுபடும். அவர் டிஃபால்ட் கேஸ் ஓனராக (யாருக்கும் ஒதுக்காத புகார்கள் தானாகப் போய்ச் சேருபவர்) இருந்தால் அதை முதலில் வேறொருவருக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் டிஆக்டிவேட் ஆகாது.

மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே லாகின் வைத்திருக்கிறோம். செலவு மிச்சம்தானே? (எபென்)

இல்லை. இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, பதிலும் அதேதான். இந்த மென்பொருள்களில் பெரும்பாலானவை ஆள் கணக்கில் விற்கப்படுகின்றன, நாற்காலிக் கணக்கில் அல்ல. மூவர் ஒரு லாகினில் புழங்கினால் ஒப்பந்தத்தை மீறுகிறீர்கள். அது போகட்டும். நள்ளிரவில் ஒருவர் தவறான ரீஃபண்ட் போட்டால் ஆடிட் லாகில் (யார் என்ன செய்தார் என்ற பதிவில்) யார் பெயர் இருக்கும்? ஓடிபி ஒருவரின் போனுக்குத்தான் போகும். அவர் விடுப்பில் போனால் இரவு ஷிஃப்ட் நின்றுவிடும், உடனே யாராவது இரட்டைச் சரிபார்ப்பையே அணைத்துவிடுவார்கள். வேலையை விட்டவர் பாஸ்வேர்டோடு போவார். வாடிக்கையாளர் விவரம் கசிந்தது தெரியவந்தால், மொரீஷியஸின் 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி முடிந்தவரை 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பிரெஞ்சு நிறுவனத்துக்கு வேலை செய்தால் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதியும் சேரும். யார் பார்த்தார்கள் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? நம்மை நம்பி முகவரியும் போன் நம்பரும் கொடுத்தவர்களின் விவரம் அது. ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்களை மட்டும் எண்ணும் லைசென்ஸ் உண்டா என்று விற்பவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் ஆளுக்கொன்று வாங்குங்கள்.

கணக்குப் பிரிவினர் டிக்கெட்டில் (வாடிக்கையாளர் கோரிக்கைப் பதிவில்) குறிப்பு மட்டும் எழுதினால் போதும். ஜென்டெஸ்க் மென்பொருளில் முழு லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டாம். உங்கள் திட்டத்தில் லைட் ஏஜென்ட் உண்டா என்று பாருங்கள். உள் குறிப்பு எழுதலாம். வாடிக்கையாளருக்குப் பதில் போகாது.

எல்லோரையும் அட்மின் ஆக்கினால் தொல்லை குறையுமா? (வாகோவா)

அப்படிச் செய்யக் கூடாது. அட்மினாக இரண்டு பேர் போதும்.

தைப்பூசக் காவடிக்குப் பாதிப் பேர் லீவு. ஃபிரெஷ்டெஸ்க் மென்பொருளில் ஒரு நாளுக்கு மட்டும் ஆள் சேர்க்க முடியுமா?

ஒக்கேஷனல் ஏஜென்டாக (எப்போதாவது மட்டும் வேலை செய்பவர்) சேர்த்து டே பாஸ் வாங்குங்கள். சும்மா எட்டிப் பார்க்க லாகின் செய்தாலும் ஒரு பாஸ் போய்விடும், ஆகவே பயிற்சியையும் அன்றைக்கே வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் தனித்தனி லாகின்தான்.