மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால்: திருவிழா நிறங்கள் பற்றிய கேள்வி பதில்

நவராத்திரி நெருங்குகிறது. கோயில், அம்மன் கொடை விழா, கொலு எதுவானாலும் நிறம் பற்றிய ஐயம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி சேலை பற்றிய கேள்விகள்! நான் கோயில் பூசை நடத்தும் தந்திரியும் அல்ல, சோதிடனும் அல்ல. குமரி மாவட்டத்துத் தோவாளையில் பூக்கட்டும் வீட்டில் பிறந்தவன், பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கையில் ஒட்டிய நிறங்களைப் பற்றித்தான் எனக்குத் தெரியும்.

அண்ணாச்சி, நவராத்திரிக்கு நாளுக்கொரு நிறம் என்று ஆண்டுதோறும் பட்டியல் வருகிறது. சனிக்கிழமைக்குச் சாம்பல் நிறம் போட்டிருக்கிறார்கள். என்னிடம் அந்த நிறத்தில் சேலையே இல்லை. குற்றமாகுமா? (நாகர்கோவில்)

ஒரு குற்றமும் இல்லையம்மா. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுப் பட்டியல்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சூட்சுமம் புரிந்துவிடும். திங்கள் வெள்ளை, செவ்வாய் சிவப்பு, புதன் கருநீலம், வியாழன் மஞ்சள், வெள்ளி பச்சை, சனி சாம்பல், ஞாயிறு ஆரஞ்சு. மிஞ்சும் நாட்களுக்கு மயில்பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா என்று ஏதோ ஒன்று. அம்மன் அன்றைக்கு எந்தக் கோலத்தில் இருக்கிறாள் என்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. கிழமைதான் கணக்கு.

கிழமைக் கணக்காவது ஒழுங்காக இருக்கிறதா? நவக்கிரக சன்னதியில் புதனுக்குப் பச்சை வஸ்திரம், சுக்கிரனுக்கு வெள்ளை, சனிக்குக் கறுப்பு. பட்டியலில் புதன் நீலமாகிவிட்டது, வெள்ளி பச்சையாகிவிட்டது, சனி வெளிறிப் போய்ச் சாம்பலாகிவிட்டது. இந்த வழக்கம் 2000களின் தொடக்கத்தில் மும்பையின் மராத்தி நாளிதழ் ஒன்று வாசகிகளுக்காகத் தொடங்கியது. அலுவலகங்களில் ஒரே நிறத்தில் உடுத்திப் படம் எடுத்துக்கொள்ள நன்றாக இருந்தது, பரவிவிட்டது. தோழிகளோடு சேர்ந்து உடுத்துவதில் தவறில்லை. சாத்திரம் என்று பயப்படத்தான் வேண்டாம்.

நமக்கு நவராத்திரி என்றால் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும் பவனி. நிறம் பார்க்கத்தான் வேண்டுமென்றால் சரஸ்வதிக்கு வெள்ளை. அது பழையது.

எங்கள் ஊர்க் கொடையில் அம்மனுக்குக் குருதி வைக்கும்போது என் மகன், ஆறு வயது, இரத்தம் என்று அழுதுவிட்டான். அவனுக்கு எப்படிச் சொல்வது? (தக்கலை)

சொல்ல வேண்டாம் தம்பி, செய்து காட்டுங்கள். அந்தக் குருதி மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த நீர்தான். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மஞ்சள் பொடியைக் கலக்குங்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் சுண்டைக்காய் அளவு எடுத்து அவன் விரலாலேயே கரைக்கச் சொல்லுங்கள். விரல் சுற்றும் இடத்தில் முதலில் ஒரு செங்கல் நிறக் கோடு ஓடும். பிறகு கிண்ணம் முழுவதும் சிவந்துவிடும். அதன்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள், சாறு போதிய அளவு விழுந்தால் மறுபடி மஞ்சளாகும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் பொருள், சுண்ணாம்பு போன்ற காரம் பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் பழைய நிறத்துக்குத் திரும்பும். அவ்வளவுதான் வித்தை. அழுத பிள்ளை இன்னொரு கிண்ணம் கேட்பான்.

ஆனால் அந்தச் சிவப்பு வெறும் வித்தை அல்ல. பலி கொடுத்த இடத்தில் பலிக்கு ஈடாக வந்து நிற்கிறது குருதி. ஆடு, கோழி அறுக்காத கோயில்களிலும் பகவதிக்குச் சிவப்பு வேண்டும். கல்யாண வீட்டு ஆரத்தித் தட்டிலும் இதே நீர்தான் சுற்றுகிறது. கண்ணேறு அதில் இறங்கும் என்பது நம்பிக்கை, அதனால்தான் சுற்றிய நீரை வாசலில் கொட்டுகிறோம். மஞ்சளாக இருக்கும்போது அதே பொருள் மங்கலம். கொடையில் சாமியாடி கொதிக்கும் மஞ்சள் நீரில் கமுகம்பாளையை முக்கித் தன் மேலேயே அடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் குளிர்விக்கும், சிவப்பு உக்கிரம். இரண்டுக்கும் நடுவே ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு. குங்குமமும் மஞ்சளின் பிள்ளைதான், முறைப்படி செய்தால்! இப்போது கடையில் விற்பதில் பாதி சாயப்பொடி. நெற்றி அரித்தால் சந்தேகப்படுங்கள்.

திருச்செந்தூரில் சண்முகருக்குச் சிவப்பு சாத்தி, வெள்ளை சாத்தி, பச்சை சாத்தி என்கிறார்களே, ஏன் மூன்று நிறம்? (குளச்சல்)

மாசித் திருவிழாவிலும் ஆவணித் திருவிழாவிலும் ஏழாம் நாள் மாலை சிவப்பு, எட்டாம் நாள் அதிகாலை வெள்ளை, நண்பகலில் பச்சை. பட்டு, மாலை எல்லாமே அந்தந்த நிறத்தில் இருக்கும். சிவப்பில் அவர் உருத்திரன், வெள்ளையில் பிரமன், பச்சையில் திருமால் என்பது மரபு. ஒரே முருகன் முத்தொழிலும் செய்கிறான் என்று சொல்லாமல் சொல்வது.

பெருமாளுக்கு ஏன் பச்சை, அவர் கறுப்பர் அல்லவா என்று சிலர் கேட்பார்கள். நம் பழைய தமிழில் பச்சை, நீலம், கருமை மூன்றுக்கும் நடுவே வேலி கிடையாது. ஆழ்வார்கள் பெருமாளின் மேனியை மூன்று விதமாகவும் பாடியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் வேளிமலையைத் தூரத்தில் நின்று பாருங்கள். காலையில் பச்சை, வெயில் ஏறினால் நீலம், மேகம் கவிந்தால் கறுப்பு. மலை ஒன்றுதான்.

தோவாளை மாணிக்க மாலையில் ஏன் சிவப்பும் வெள்ளையும் பச்சையும் மட்டும்? அரளி விஷம் என்று கேரளத்தில் தடுத்துவிட்டார்களாமே? (மார்த்தாண்டம்)

எங்கள் வீட்டுக் கேள்வியைக் கேட்டீர்கள். மடிப்பைத் தாங்கும் பூவைத்தான் இந்த மாலைக்கு எடுப்பார்கள். பிச்சியும் மல்லிகையும் மணக்கும், ஆனால் மடித்தால் கறுத்துவிடும். அரளி இதழ் தடிப்பு, மடித்த மடிப்பில் நிற்கும். வெள்ளரளி, செவ்வரளி, இடையில் நொச்சி இலை. ஒவ்வொரு பூவையும் விரல் நுனியில் மடித்து, பாய் முடைவதுபோல நாரில் அடுக்கிக்கொண்டே போக வேண்டும். முடித்து நிமிர்த்தினால் பூ என்றே தெரியாது. பட்டுத் துணியில் கல் பதித்ததுபோல இருக்கும். அதனால்தான் மாணிக்கம் என்ற பெயர். என் அப்பாவுக்குப் பெருவிரல் நகம் எப்போதும் பச்சையாக இருக்கும், நொச்சிக் கறை. சோறு பிசையும்போதும் அந்த வாசம் அடிக்கும். 2025இல் இந்த மாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த நகம்தான்.

நிறத்துக்குப் பொருள் பிறகு வந்தது என்பது என் எண்ணம். வெள்ளை சிவம், சிவப்பு சக்தி என்று கோயில் மதில் பட்டைக்குச் சொல்லும் விளக்கத்தை மாலைக்கும் சொல்கிறார்கள். பொருந்துகிறது, சொல்லட்டும்.

விஷம் என்பது உண்மை. 2024இல் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியை நிறுத்தியது. பூசைக்குத் தடை இல்லை. மாலையாகச் சாத்தலாம், வாயில் படக்கூடாது. பிரசாத இலையில் அரளி கிடந்தால் எடுத்து வைத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

கறுப்புச் சேலையில் கோயிலுக்குப் போகலாமா? என் மாமியார் விடமாட்டார். (இரணியல்)

மாமியாரோடு சண்டைக்கு என்னைச் சாட்சியாக இழுக்காதீர்கள்! இருந்தாலும் சொல்கிறேன். சபரிமலைக்கு மாலை போட்டவர் 41 நாள் கறுப்பும் நீலமும் உடுத்துகிறார், அவரைக் கண்டால் சாமி என்று கும்பிடுகிறோம். கருவறையில் இருப்பதும் எண்ணெய் குடித்த கருங்கல். நாகர்கோவில் நாகராஜா கோயிலில் பிரசாதமாகத் தரும் மண், தை முதல் ஆனி வரை வெள்ளையாகவும் ஆடி முதல் மார்கழி வரை கறுப்பாகவும் இருக்கும் என்பார்கள். கறுப்பு மாதம் வந்தது என்று யாரும் அதை வாங்காமல் திரும்புவதில்லை. கல்யாணத்துக்குக் கறுப்பைத் தவிர்ப்பது ஊர் மரியாதை, அது வேறு.

எனக்குப் பிறந்த வீடு மதுரைப் பக்கம். ஓணத்துக்கு வெள்ளை முண்டும் நேரியதும் உடுத்தச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் வெள்ளை கைம்பெண்ணுக்கு உரியது. மனம் ஒப்பவில்லை. (குழித்துறை)

உங்கள் தயக்கம் புரிகிறது தங்கச்சி. 1956 நவம்பர் 1 வரை இந்தக் குமரி மாவட்டம் திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலுமாக மலையாளப் பக்கத்தோடு இருந்தது. அந்தப் பக்கத்தில் சரிகைக் கரை போட்ட வெள்ளை திருநாள் உடை, சுமங்கலியின் உடை. கரைதான் அங்கே மங்கலம். மனம் ஒப்பாவிட்டால் சிவப்புக் கரை போட்டதை உடுத்துங்கள், பூவும் வையுங்கள். இரண்டு ஊருக்கும் பொதுவாகிவிடும்.

சுசீந்திரம் ஆஞ்சநேயருக்கு ஏன் செந்தூரம்? குழந்தைக்கு வைக்கலாமா? (அகஸ்தீஸ்வரம்)

சீதை வகிட்டில் வைப்பது இராமனின் ஆயுளுக்கு என்று கேட்டு, அனுமன் உடல் முழுவதும் பூசிக்கொண்டதாகக் கதை. ஆனால் பழைய முறைச் செந்தூரம் ஈயம் கலந்தது. 18 அடி ஆஞ்சநேயருக்கு ஒன்றும் ஆகாது. கைக்குழந்தைக்கு வேண்டாம், விரலைச் சூப்பும்.

சிவாலய ஓட்டத்தில் சிவனைத் தேடி ஓடிக்கொண்டு கோவிந்தா, கோபாலா என்கிறார்களே. காவி எதற்கு? (திருவட்டாறு)

முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் 12 கோயில் ஓட்டம். பாதி மனிதனும் பாதி விலங்குமான சிவபக்தப் புருஷாமிருகத்தைப் பீமன் கோவிந்த நாமம் சொல்லிச் சீண்டிவிட்டு ஓடிய கதையிலிருந்து அந்தக் கோஷம் வந்தது என்பார்கள். காவி துறவின் நிறம். ஓரிரு நாள் துறவு, கையில் பனையோலை விசிறி. மண்ணிலிருந்து எடுத்த நிறமாதலால் வழிப்புழுதியும் தெரியாது.

அண்ணாச்சி, நான் துபாயில் இருக்கிறேன். சித்திரை விஷுவுக்குக் கனி வைக்கக் கொன்றைப்பூ கிடைப்பதில்லை. பிளாஸ்டிக் பூ வைக்கலாமா? (கருங்கல்)

வேண்டாம் தம்பி. கனி என்பது விஷு அன்று கண் விழித்ததும் முதலில் காணும் காட்சி. அதில் மஞ்சள் என்பது பொன்னுக்கு ஈடு, விளைச்சலுக்கு ஈடு. கொன்றை வைப்பது அந்த மாதத்தில் அது பூப்பதால். பூ இல்லையென்றால் பழுத்த வெள்ளரிக்காய், எலுமிச்சை, ஒரு சீப்பு வாழைப்பழம், மஞ்சள் கிழங்கு. கண்ணாடியும் விளக்கும் மறக்க வேண்டாம்.

பகவதிக்கு நீலப்பட்டு நேர்ந்துவிட்டேன். சிவப்புதான் சாத்த வேண்டும் என்கிறார்கள். நேர்ச்சை வீணாகுமா? (மணவாளக்குறிச்சி)

கோயில் பூசை செய்யும் போற்றியிடம் நேரில் கேளுங்கள். சில கோயில்களில் எந்த நிறமும் சாத்துவார்கள், சில இடங்களில் உற்சவ நாளில் மட்டும் சிவப்பு கட்டாயம். நீலத்தைச் சாதாரண நாளில் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள். வாங்கும்போது சிவப்புக் கரை போட்ட நீலமாகப் பாருங்கள், நாகர்கோவில் கடைகளில் கிடைக்கிறது.