வலி இல்லை, பொத்தான் போட முடியவில்லை: கழுத்தில் அறுவைச் சிகிச்சை தேவையா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 61 வயது. ஆறு மாதமாக இரு கை விரல்களும் மரத்துப்போகின்றன. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறார். வரப்பில் நடந்தால் தள்ளாடுகிறது. கழுத்து எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தண்டுவடம் அழுத்தப்பட்டிருப்பதாக வந்திருக்கிறது. ஒரு மருத்துவர் அறுவைச் சிகிச்சை என்கிறார். இன்னொருவர் மாத்திரையும் பயிற்சியும் போதும் என்கிறார். அப்பாவோ, “வலியே இல்லையே, குறுவை அறுப்பு முடியட்டும்” என்கிறார். என்ன செய்வது?

பதில்: அப்பா வலி இல்லை என்று சொல்வதுதான் எனக்குக் கவலை தருகிறது. கழுத்தில் சவ்வு விலகி, கைக்குப் போகும் நரம்பின் வேரை மட்டும் அழுத்தினால் வலி உயிர் போகும். தோளிலிருந்து விரல் வரை சுண்டி இழுக்கும். ஆனாலும் அவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் மாத்திரையாலும் பயிற்சியாலும் தேறிவிடுகிறார்கள். தண்டுவடமே அழுந்தும்போது பலருக்கு வலி பெரிதாக இருக்காது. கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்ன பேச்சைக் கேட்காமல் போகும். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் தலைமதகைப் போய்ப் பார்க்கிறோம் அல்லவா? கால் தள்ளாடும்போது கழுத்தைப் பார்ப்பதும் அப்படித்தான்.

ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. வயதானவர்கள் பலருக்குப் படத்தில் அழுத்தம் தெரியும், உடலில் ஒரு குறையும் இருக்காது. அவர்களுக்குக் கத்தி தேவையில்லை, கண்காணித்தால் போதும். அப்பாவின் நிலை அது அல்ல.

வீட்டிலேயே சிலவற்றைப் பாருங்கள். பத்து நொடியில் கையை எத்தனை முறை முழுதாக மூடித் திறக்க முடிகிறது? இருபதுக்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும். குதிகாலை அடுத்த கால் விரலோடு ஒட்டி வைத்து, சமதரையில் நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். காலிலிருந்து செருப்பு கழன்று விழுவது தெரியாமல் நடக்கிறாரா? தலையைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்ந்ததுபோல இருக்கிறதா? சிறுநீரை அடக்க முடியாமல் ஓடுகிறாரா? கடைசிக் கேள்விக்குப் பெரியவர்கள் கூச்சத்தால் பதில் சொல்வதில்லை; அம்மாவிடம் கேட்டால் தெரியும்.

கை, கால், உணர்ச்சி, சிறுநீர் ஆகியவற்றுக்கு மருத்துவர்கள் மொத்தம் 18 மதிப்பெண் போடுவார்கள். 15 முதல் 17 வரை லேசானது. 12 முதல் 14 வரை நடுத்தரம். 11-ம் அதற்குக் கீழும் கடுமை. 2017-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. லேசானதற்கு அறுவைச் சிகிச்சை செய்யலாம், அல்லது கண்காணிப்போடு பயிற்சி செய்து பார்க்கலாம். மோசமானால் காத்திருக்கக் கூடாது. இரு மருத்துவர்களிடமும் “அப்பாவுக்கு எத்தனை மதிப்பெண்?” என்று கேளுங்கள். கருத்து வேறுபாடு பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். பி12 சத்துக் குறைவும் சர்க்கரை நோயும் இதே போன்ற மரத்துப்போதலைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

நேரில் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் விரல் நுணுக்கமும் நடையும் சேர்ந்து கெட்டிருக்கின்றன; படத்திலும் அழுத்தம் இருக்கிறது. என் மனம் அறுவைச் சிகிச்சைப் பக்கமே சாய்கிறது.

“கழுத்தில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான்” என்று ஊரில் சொல்வார்கள். கை, கால் முழுதும் செயலிழப்பது அரிது. முன்பக்கமாகச் செய்தால் சில நாள் விழுங்கச் சிரமமும் குரல் கம்மலும் வரலாம். நூற்றில் ஏறத்தாழ ஐந்து பேருக்குத் தோள் தூக்கும் பலம் குறையலாம். பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பும். சிகிச்சையின் முதல் நோக்கம் மேலும் கெடாமல் நிறுத்துவது. பலருக்கு நடையும் கையும் தேறுகின்றன, ஆனால் நாள்பட்ட மரத்துப்போதல் மிச்சமிருக்கக்கூடும். நடக்க முடியாமல் போன பிறகு வந்தவர்களுக்குத் திரும்பக் கிடைப்பது குறைவு. அப்படிப்பட்டவர்களைப் பார்த்துத்தான் ஊர் பயப்படுகிறது.

அதுவரை தலையில் மூட்டை வேண்டாம். சலூனில் கழுத்தைச் சொடுக்கவோ, கழுத்தை இழுத்துவிடவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். காலர் பட்டை அழுத்தத்தை எடுக்காது. நான் மிகவும் அஞ்சுவது ஈர வரப்பில் வழுக்கி விழுவதை. இடமில்லாமல் நெருங்கிக் கிடக்கும் தண்டுவடம் ஒரே விழுகையில் செயலிழக்கலாம். நடை சட்டென்று மோசமானாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ அன்றைக்கே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

அறுப்புக்கு இயந்திரமும் ஆளும் கிடைக்கும். அப்பா வரப்பில் நிற்க வேண்டியதில்லை. இந்த வாரமே நரம்பியல் அறுவை நிபுணரைப் பாருங்கள். அறிக்கைத் தாளோடு ஸ்கேன் படத்தையும், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். இதய நோய்க்கு இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும்.