மேக்ரோ லென்ஸ் வாங்குமுன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் 50 மி.மீ. லென்ஸும் 55-250 ஜூமும் இருக்கின்றன. எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்கவா, குளோஸ்-அப் லென்ஸ் வாங்கவா?

50-க்கு ட்யூப், ஜூமுக்குக் குளோஸ்-அப் லென்ஸ். ட்யூப் என்பது கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய். குளோஸ்-அப் லென்ஸ் என்பது லென்ஸின் முன்னால் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி. ட்யூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தொலைவால் (50, 250 என்று குறிக்கும் மி.மீ. எண்) வகுத்தால் எவ்வளவு உருப்பெருக்கம் (சென்சாரில் விழும் பிம்பம் பொருளைப்போல் எத்தனை மடங்கு என்பது) கூடும் என்பது தெரிந்துவிடும். 25 மி.மீ. ட்யூப் 50 மி.மீ. லென்ஸில் அரை மடங்கு கூட்டும். 250-இல் பத்தில் ஒரு பங்குதான். மின்தொடர்பு இல்லாத மலிவு ட்யூபைத் தவிருங்கள், கேமராவிலிருந்து அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித் துளையை) மாற்ற முடியாமல் போகும்.

குளோஸ்-அப் லென்ஸில் கணக்கு நேர் எதிர்: நீளமான லென்ஸில்தான் பலன். ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்னும் குளோஸ்-அப் லென்ஸின் சக்தி +8 டயாப்டர், அதாவது குவியத் தொலைவு 125 மி.மீ. ஜூமை 200-இல் வைத்து முடிவிலிக்கு ஃபோகஸ் செய்தாலே 200/125, அதாவது 1.6 மடங்கு. பூச்சிக்கும் கண்ணாடிக்கும் சுமார் 12 செ.மீ. இடைவெளி இருக்கும். நான்கைந்து ஃபில்டர்களாக ஒரே டப்பாவில் வரும் மலிவு செட் வேண்டாம். அவை ஒற்றைக் கண்ணாடி. ஓரங்களில் ஊதாவும் பச்சையுமாக நிறம் பிரியும்.

கேள்வி: மேக்ரோ லென்ஸே வாங்குவதானால் 60-ஆ, 100-ஆ?

பூ, நாணயம், நகைக்கு 60 போதும். தட்டானும் வண்ணத்துப்பூச்சியும் வேண்டுமென்றால் 100. 100-இன் அட்டைப்பெட்டியில் உள்ள 'குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் 30 செ.மீ.' சென்சாரிலிருந்து அளந்தது. லென்ஸ் நீளம் போக, முன்கண்ணாடிக்கும் பூச்சிக்கும் மிஞ்சுவது ஏறக்குறைய 15 செ.மீ. 60-இல் அது 10 செ.மீ.க்கும் குறையும், தட்டான் அதற்குள் பறந்துவிடும்.

கேள்வி: எஃப் 22 வைத்தும் படம் மொத்தமும் மங்கல். லென்ஸில் கோளாறா?

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கும். எஃப் எண் கூடக்கூட அப்பர்ச்சர் துளை சிறிதாகும். 1:1 உருப்பெருக்கத்தில், அதாவது பிம்பமும் பொருளும் ஒரே அளவாக இருக்கும்போது, எஃப் எண் ஏறத்தாழ இரட்டிப்பாக வேலை செய்கிறது: எஃப் 22 என்பது எஃப் 44. சிறு துளையில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவு அத்தனை நுணுக்கத்தையும் கரைத்துவிடும். எஃப் 8 முதல் 11-க்குள் நில்லுங்கள். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் எஃப் 8-இல் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 1 மி.மீ. மட்டுமே. அதனால் பூச்சியின் பக்கவாட்டுக்குச் சென்சார் இணையாக இருக்கும்படி நில்லுங்கள், கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். இன்னும் ஆழம் வேண்டுமென்றால் ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து மென்பொருளில் அடுக்குங்கள். அதற்குப் பூச்சி அசையக் கூடாது. உடல் குளிர்ந்திருக்கும் விடியற்காலையே சரியான நேரம்.

கேள்வி: ரிங் பிளாஷ் அவசியமா?

இல்லை. லென்ஸைச் சுற்றி மாட்டும் அந்த பிளாஷின் ஒளி தட்டையானது, வண்டின் முதுகில் வளையமாகப் பிரதிபலிக்கும். சாதாரண பிளாஷுக்கு முன்னால் வெள்ளைத் தாளோ மெல்லிய தெர்மாகோலோ வைத்து, பூச்சிக்கு 10 செ.மீ. அருகே கொண்டுபோங்கள். 1/200 நொடி, எஃப் 11, ஐஎஸ்ஓ 200, பிளாஷ் முழுத் திறனில் 1/16 என்று தொடங்கலாம். பின்னணி கறுத்துப்போனால் ஒரு பச்சை இலையைப் பின்னால் பிடியுங்கள்.

கேள்வி: 18-55 ஜூம் லென்ஸை முன்பின்னாகத் திருப்பி கேமராவில் மாட்டும் வளையம் உதவுமா?

வேலை செய்யும். 18-இல்தான் உருப்பெருக்கம் அதிகம். பொருள் 4 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், அப்பர்ச்சர் கட்டுப்பாடு போய்விடும், பின்கண்ணாடி தூசிக்குத் திறந்திருக்கும். வளையத்தின் அளவு லென்ஸின் ஃபில்டர் திருகுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.