கட்டிலில் படுத்துப் பார்த்துவிட்டு வரைபடத்தை முடிவு செய்யுங்கள்

கேள்வி: நானும் கணவரும் மருத்துவர்கள். காரைக்குடியில் 20 படுக்கைகளுடன் மருத்துவமனை கட்டப்போகிறோம். முகப்பு முழுக்கக் கண்ணாடி, எல்லா அறைக்கும் ஏசி, வரவேற்பறையில் நீரூற்று என்று வரைபடம் வந்திருக்கிறது. பட்ஜெட் கைமீறுகிறது. நோயாளிக்கு உண்மையில் இதமானது எது, எதை விடலாம்?

பதில்: நீரூற்றை விட்டுவிடுங்கள். முகப்புக் கண்ணாடியையும் பாதிக்கு மேல் குறைக்கலாம். உங்கள் ஊர் வெயிலில் அது கரண்ட் பில்லைத்தான் ஏற்றும். மிச்சமாகும் பணம் நோயாளி படுத்திருக்கும் அறைக்குப் போகட்டும்.

கட்டட வடிவமைப்பாளர்களான நாங்கள் வரைபவை பெரும்பாலும் நடந்து வருகிறவரின் கண்ணுக்காக வரையப்படுகின்றன. நோயாளியோ நாள் முழுக்க மல்லாந்து கிடக்கிறார். முழங்கால் அறுவைக்குப் பின் என் அம்மா இருந்த அறையில் டியூப்லைட் நேராக அவர் முகத்துக்கு மேலே இருந்தது. ஆறு நாளும் கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டே கிடந்தார். அதுவரை நானும் அப்படித்தான் விளக்கு வைத்துக்கொண்டிருந்தேன்.

பின்லாந்தில் 1933-இல் கட்டி முடிக்கப்பட்ட பைமியோ காசநோய் மருத்துவமனையில் அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்டோ இதையெல்லாம் யோசித்திருக்கிறார். கூரைக்குக் கண்ணை உறுத்தாத அடர் நிறம், படுத்தவர் பார்வையில் படாத விளக்கு. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் தூக்கம் கெடாதபடி, தண்ணீர் சாய்வாக விழுந்து சத்தமே எழுப்பாத கைகழுவும் தொட்டி. இதற்கெல்லாம் பெரிய செலவில்லை, யோசனைதான் வேண்டும்.

அடுத்தது ஜன்னல். 1984-இல் அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது. பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சற்று சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் என் அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது. உங்கள் வரைபடத்தில் ஜன்னலின் அடிமட்டம் 3 அடி. படுத்தவருக்கு அதில் வானம் மட்டுமே தெரியும். 2 அடிக்கு இறக்கி, கம்பி போட்டு, வெளியே ஒரு வேப்பமரமோ புங்கமரமோ வையுங்கள். வார்டுகள் மேற்குப் பார்க்க வேண்டாம். அந்தப் பக்கம் படிக்கட்டும் ஸ்டோர் ரூமும் வரட்டும்.

எல்லா அறைக்கும் ஏசி அவசியமா? பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளின் 70 அறைகளில் காற்றோட்டத்தை அளந்து 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. ஜன்னல்களைத் திறந்து வைத்தபோது, உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட பழைய கட்டடங்களில், இயந்திரக் காற்றோட்டம் உள்ள புதிய அறைகளைவிட நிறையக் காற்று மாறியது. தொற்று பரவாமலிருக்க இது முக்கியம். ஆகவே பொது வார்டில் எதிரெதிர் ஜன்னல், கொசுவலை, நல்ல மின்விசிறி போதும். ஆபரேஷன் தியேட்டரும் ஐசியூவும் வேறு கதை. அங்கே வடிகட்டிய காற்று கட்டாயம், அதில் சிக்கனம் கூடாது.

சத்தத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரவில் வார்டுக்குள் 30 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஊரில் அதை எட்டுவது கடினம், ஆனால் நெருங்கலாம். ஜெனரேட்டரை வார்டிலிருந்து தள்ளி வையுங்கள். கதவு நிலைக்கு ரப்பர் பட்டை, டிராலிக்கு ரப்பர் சக்கரம்.

கழிவறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே மயங்கி விழுந்தவரே கதவை அடைத்துக் கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. கழிவறை வாசலில் படி வேண்டாம். கட்டிலிலிருந்து கழிவறை வரை சுவரோரம் கைப்பிடி தொடர்ந்து போகட்டும்.

அப்புறம், கூட இருப்பவர். நம்மிடம் நோயாளி தனியாக அட்மிட் ஆவதே இல்லை. அம்மாவோ மருமகளோ வராண்டாத் தரையில் பாய் விரிக்கிறார்கள். அவர்கள் தூங்காவிட்டால் காலையில் நோயாளிக்குக் கஞ்சி கொடுக்க யார் இருக்கிறார்கள்? கட்டிலுக்குப் பக்கத்தில் 6 அடி நீள பெஞ்ச், போன் சார்ஜ் பாயின்ட், மாடிக்கு ஒரு வெந்நீர்க் குழாய், துணி உலர்த்த ஓர் இடம். நீரூற்றுக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் இதற்குத் திருப்புங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் மனையில் ஓர் அறையைச் சுண்ணாம்பால் கோடு போட்டு, நிஜக் கட்டிலைக் கொண்டுவந்து வையுங்கள். மதியம் 3 மணிக்கு நீங்கள் இருவரும் மாறி மாறி அரை மணி நேரம் படுத்துப் பாருங்கள். உங்கள் மூத்த நர்ஸையும் அழைத்து, கட்டிலைச் சுற்றி ஸ்ட்ரெச்சரைத் திருப்பச் சொல்லுங்கள். எங்கே இடிக்கிறதோ, அங்கே கோட்டை அழித்துத் தள்ளிப் போடுங்கள்.